கட்டடம் வரும் பின்னே, கணக்கு வரும் முன்னே: கணிப்புப் பொறியியல் என்றால் என்ன?

பிற்பகல் 3 மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிறீர்கள்.

ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்ததும் ஜில்லென்று காற்று. "அப்பாடா!" என்று ஒரு நிமிடம் நின்றுவிடுகிறீர்கள். பக்கத்துப் புளோக்கிலோ இலைகூட அசையவில்லை.

இரண்டும் ஒரே பேட்டை. ஒரே வெயில். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, அடுத்த கட்டடத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, காற்று எந்த வழியாகப் புகுந்து எதில் முட்டுகிறது... எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

கட்டி முடித்த பிறகு, "அடடா, கொஞ்சம் திருப்பி வைத்திருக்கலாமே" என்று வருத்தப்பட்டு என்ன பயன்? 40 மாடிக் கட்டடத்தை நகர்த்தவா முடியும்?

அதனால் இப்போதெல்லாம் முதல் தூண் எழும்புவதற்கு முன்பே காற்றை வீசவிட்டுப் பார்த்துவிடுகிறார்கள். கணினிக்குள்!

தெங்கா நகரைத் திட்டமிட்டபோது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதைத்தான் செய்தது. ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்புடன் சேர்ந்து அது உருவாக்கிய கணினிக் கருவி ஒன்று உண்டு. காற்று எப்படி ஓடும், வெயில் எந்தச் சுவரில் விழும், சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே கணக்கிடும்.

இதற்குப் பின்னால் இருக்கும் துறையின் பெயர் கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங். தமிழில் 'கணிப்புப் பொறியியல்' என்று வைத்துக்கொள்வோம்.

சரி, கணினி சொன்ன விடை தப்பாக இருந்தால்? கட்டடம் எழும்பிவிடும். மக்கள் குடியேறிவிடுவார்கள். அப்புறம் யாரைக் கேட்பது?

இந்தத் துறையைப் பல்கலைக்கழகங்களில் ஏன் கற்றுத் தருகிறார்கள் என்பதற்கு விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கணினிப் பொறியியலும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் குழம்பிவிடுகிறார்கள்.

அடுப்பு செய்பவர் ஒருவர். அந்த அடுப்பில் சமைப்பவர் இன்னொருவர். கணினிப் பொறியாளர் அடுப்பு செய்பவர். கணிப்புப் பொறியாளர் சமைப்பவர்.

பாலம் எவ்வளவு எடை தாங்கும், விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும், செயற்கை மூட்டைப் பொருத்தினால் எலும்பில் எங்கே அழுத்தம் விழும், கைத்தொலைபேசியின் சில்லு எங்கே அதிகம் சூடாகும் போன்ற கேள்விகளுக்குக் கணினியின் உதவியோடு விடை தேடுவதுதான் இவருடைய வேலை.

அதற்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்:

- பொறியியல்: நிஜ உலகில் என்ன நடக்கிறது?
- கணிதம்: அதைச் சமன்பாடாக எப்படி எழுதுவது?
- நிரலாக்கம்: அந்தச் சமன்பாட்டைக் கணினி தீர்க்கும்படி எப்படிச் சொல்வது?

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. அம்மி இருந்தும் குழவி இல்லாத கதைதான்.

கணினி எப்படிக் கணக்குப் போடுகிறது?

ஒரு கரண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை 90 டிகிரி சூட்டில் கொதிக்கும் ரசத்தில் இருக்கிறது. மறுமுனையை 30 டிகிரியிலேயே வைத்திருக்கிறோம். நடுவில் எவ்வளவு சூடு இருக்கும்?

கரண்டியின் நடுப்பகுதியில் சம இடைவெளியில் மூன்று புள்ளிகளை வைப்போம். விதி ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு புள்ளியின் சூடும் அதன் இரண்டு பக்கத்துப் புள்ளிகளின் சராசரி.

தொடக்கத்தில் மூன்றும் 30 டிகிரி. இனிக் கணக்கு:

- முதல் சுற்று: 60, 30, 30
- இரண்டாம் சுற்று: 60, 45, 30
- மூன்றாம் சுற்று: 67.5, 45, 37.5
- நான்காம் சுற்று: 67.5, 52.5, 37.5

இப்படியே போய்க்கொண்டிருந்தால் எண்கள் 75, 60, 45 என்ற இடத்தை நெருங்கி நின்றுவிடும். வேண்டுமானால் கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து சுற்றில் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அவ்வளவுதான். பெரியதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு எப்படிப் பேசும் என்று சொல். பிறகு விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்குப் போடு.

காற்று, தண்ணீர், இரும்பு, கான்கிரீட் என எதுவாக இருந்தாலும் அடிப்படை இதுதான். விதிதான் மாறும்.

இந்தத் துண்டுபோடும் வித்தைகளில் பிரபலமானது ஃபைனைட் எலிமென்ட் முறை. 1950களில் விமான இறக்கைகளின் வலிமையைக் கணக்கிட முயன்றபோது அது வளர்ந்தது. 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் ஒலெக் ஜியென்கீவிச் அதைப் பற்றிய முதல் பாடநூலை 1967இல் வெளியிட்டார். விமானத்துக்காக வந்த முறை அணைக்கும் பாலத்துக்கும் எலும்புக்கும் பொதுவானது.

காற்றும் தண்ணீரும் ஓடுவதைச் சொல்லும் சமன்பாடுகள் அதைவிடப் பழையவை. நேவியர்–ஸ்டோக்ஸ் எனப்படும் அவை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதை இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. அதற்காக அமெரிக்காவின் கிளே கணித நிலையம் 2000இல் அறிவித்த 1 மில்லியன் டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது!

தாளில் தீர்க்க முடியாததைத் துண்டுபோட்டுத் தீர்ப்பதற்குத்தான் கணினி வேண்டியிருக்கிறது.

அதற்கு ஏன் சூப்பர் கம்ப்யூட்டர்?

கரண்டிக்கு மூன்று புள்ளி போதும். ஒரு பேட்டைக்கு?

ஒரு கன வடிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 100 துண்டாக வெட்டினால் மொத்தம் 1 மில்லியன் துண்டுகள். இன்னும் துல்லியம் வேண்டுமென்று 200 துண்டாக வெட்டினால்? 2 மில்லியன் இல்லை, 8 மில்லியன்!

அதோடு முடியவில்லை. காற்று நகர்வதைப் பார்க்க வேண்டுமானால் நேரத்தையும் வெட்ட வேண்டும். துண்டு பாதியானால் நேர இடைவெளியும் பெரும்பாலும் பாதியாக வேண்டும். ஆக வேலை 16 மடங்கு.

அதற்குத்தான் சூப்பர் கம்ப்யூட்டர். சிங்கப்பூரின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் நிலையம் 2016இல் ஆஸ்பயர் 1 என்ற கணினியை இயக்கத் தொடங்கியது. அதன் வேகம் 1 பெட்டாஃபிளாப். அதாவது, வினாடிக்கு 1,000 டிரில்லியன் கணக்கு.

அது எவ்வளவு என்று பிடிபடவில்லையா? சிங்கப்பூரில் இருக்கும் சுமார் 6 மில்லியன் பேரும் தூங்காமல், சாப்பிடாமல் ஆளுக்கு வினாடிக்கு ஒரு கணக்குப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி ஒரு வினாடியில் முடித்ததை நாம் முடிக்க 5 ஆண்டுக்குமேல் ஆகும்.

அடுத்து வந்த ஆஸ்பயர் 2ஏ, அதைப்போல் 10 மடங்கு வேகம் கொண்டது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கழகங்களும் நிறுவனங்களும் அதைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு இது எப்படி வந்தது?

1998ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டு இங்கே இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, உயர்திறன் கணிப்புக் கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது ஏ-ஸ்டார் அமைப்பின்கீழ் இயங்குகிறது. தொடக்கத்தில் சொன்ன காற்றுக் கருவியின் பின்னால் இருப்பது அந்தக் கழகம்தான்.

இரண்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடன் கைகோத்தன. சுருக்கமாக எம்ஐடி எனப்படும் அந்தக் கழகத்துடன் அமைந்த ஏற்பாட்டின் பெயர், சிங்கப்பூர்–எம்ஐடி கூட்டணி.

அந்தக் கூட்டணி முதலில் தொடங்கிய பாடத்திட்டங்களில் ஒன்று, பொறியியல் அமைப்புகளுக்கான உயர்திறன் கணிப்பு. 2005இல் கூட்டணியின் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது அது கணிப்புப் பொறியியல் என்ற பெயரிலேயே தொடர்ந்தது. எம்ஐடி பட்டத்தையும் உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் சேர்த்துப் பெறவும் வழி இருந்தது.

ஸூம் எல்லாம் இல்லாத காலம் அது. இருந்தும் இரு நாட்டு வகுப்பறைகளையும் நேரலையில் இணைத்துப் பாடம் நடத்தினார்கள். அங்கும் இங்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. இங்கே மாணவர்கள் காலைக் காப்பியோடு உட்காரும்போது அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனால் அதன் தடம் இன்னும் இருக்கிறது. எம்ஐடியின் இலவச இணையப் பாடத்தளத்தில் எஸ்எம்ஏ 5212 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்ப்பது பற்றிய பாடம் அது. 2003இல் அங்குள்ள பேராசிரியர்களும் இங்குள்ள பேராசிரியர்களும் சேர்ந்து நடத்தியது. பாடக்குறிப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று எழுத்து, சிங்கப்பூர்–எம்ஐடி கூட்டணிதான்!

கைத்தொலைபேசியில் சூப்பர் கம்ப்யூட்டரா?

அந்தக் கூட்டணியில் நடந்த ஆய்வுகளில் ஒன்று, குறைந்த அடித்தள முறை. எம்ஐடி பேராசிரியர் ஆன்டனி பட்டேராவின் குழு அதை முன்னெடுத்தது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டில் சாம்பார்ப்பொடி அரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் முழுக்க வறுத்து, இடித்து, சலித்து வைத்துவிட்டால், அப்புறம் தினமும் இரண்டு கரண்டி போட்டால் போதும். சாம்பார் தயார்.

இதுவும் அப்படித்தான். ஒரு சில முக்கியமான நிலைகளுக்கு மட்டும் சூப்பர் கம்ப்யூட்டரில் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். பிறகு இடையில் வேறொரு நிலை வந்தால், ஏற்கெனவே இருக்கும் விடைகளைச் சரியான அளவில் கலந்து புது விடையை வினாடியில் எடுத்துவிடலாம்.

2010இல் அந்தக் குழு அதைச் செய்து காட்டியது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த ரேஞ்சர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் முன்வேலையை முடித்து, மிச்சத்தை ஓர் ஆண்ட்ராய்டு தொலைபேசியில் ஓடவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஓர் ஆய்வாளர், சிங்கப்பூர்–எம்ஐடி கூட்டணி வழியாகச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

வேகம் மட்டும் இதன் சிறப்பன்று. விடையோடு சேர்த்து, "இந்த விடை முழுக் கணக்கிலிருந்து அதிகபட்சம் இவ்வளவுதான் விலகியிருக்கும்" என்ற எல்லையையும் அது சொல்கிறது.

தன் விடையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று தானே சொல்லும் கணக்கு. அது ஏன் அவ்வளவு முக்கியம்? அதற்கு நார்வேக்குப் போகவேண்டும்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும்?

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே, மலைகளுக்கு நடுவே புகுந்திருக்கும் ஆழமான கடற்பகுதி.

அங்கே ஸ்லெய்ப்னர் ஏ என்ற எரிவாயுத் தளத்தின் அடித்தளம் மிதந்துகொண்டிருந்தது. 24 பெரிய கான்கிரீட் அறைகள் தேன்கூடு போல் ஒன்றோடொன்று ஒட்டிய அமைப்பு. மேல்தளத்தைப் பொருத்துவதற்குமுன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

சுமார் 65 மீட்டர் ஆழத்தில் ஓர் அறையின் சுவர் வெடித்தது. உள்ளே பாய்ந்த தண்ணீரைப் பம்புகளால் வெளியேற்ற முடியவில்லை. அடித்தளம் முழுவதும் மூழ்கியது. அது கடலடியில் மோதிய அதிர்ச்சி நில அதிர்வுமானிகளில் 3.0 ரிக்டர் என்று பதிவானது!

நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இழப்பு கிட்டத்தட்ட 700 மில்லியன் டாலர்.

காரணம் என்ன? புயலா? மட்டமான சிமெண்டா? இல்லை. கணக்கு.

மூன்று சுவர்கள் சந்திக்கும் மூலையில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்பதை ஃபைனைட் எலிமென்ட் முறையில்தான் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அந்த மூலையில் துண்டுகள் போதிய அளவு சிறியதாக இல்லை. சரியான வடிவத்திலும் இல்லை. விளைவு: சுவரை வெட்டிப் பிளக்கும் விசை உண்மையில் இருந்ததைவிட 47 விழுக்காடு குறைவாகக் காட்டப்பட்டது. அதை நம்பிச் சுவரையும் மெல்லியதாகக் கட்டி, கம்பியையும் குறைவாகப் போட்டார்கள்.

மென்பொருளில் கோளாறா? அதுவும் இல்லை. சொன்னதை அது சரியாகவே செய்தது. சொன்னதுதான் சரியில்லை.

விபத்துக்குப் பிறகு அதே முறையில், கவனமாகத் துண்டுபோட்டு மறுபடி கணக்குப் பார்த்தார்கள். சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்!

ஆக, கவிழ்த்ததும் அதே முறை. ஏன் கவிழ்ந்தது என்று சொன்னதும் அதே முறை. பயன்படுத்திய கைதான் வேறு.

கதையின் கடைசிப் பகுதி இன்னும் சுவாரஸ்யம். புதிய அடித்தளத்தை அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. பழைய கணினிக் கணக்கை நம்ப முடியாது. புதியது வரும்வரை காத்திருக்கவும் நேரமில்லை. என்ன செய்தார்கள்? கணினி வருவதற்கு முந்திய காலத்து முறைகளை எடுத்துக்கொண்டு கையால் கணக்குப் போட்டார்கள். 1993 ஏப்ரலில் புதிய அடித்தளத்தின்மேல் தளம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது.

அப்படியானால் வகுப்பில் எதைக் கற்றுத் தருகிறார்கள்?

மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை யூடியூபில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். வண்ண வண்ணமாகப் படமும் வந்துவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பார்ப்பதற்கு அழகாக இருக்கும். தப்பான விடையும் அதே அழகோடுதான் வரும்!

அதனால் நல்ல வகுப்பில் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

- கணக்கைச் சரியாகப் போட்டோமா?
- சரியான கணக்கைப் போட்டோமா?

இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் வேறு வேறு.

மறுபடியும் நம் கரண்டி. 75, 60, 45 என்று விடை வந்ததே, அது சரியா? நாம் எழுதிய விதிப்படி முழுக்கச் சரி. முதல் கேள்விக்கு விடை: ஆம்.

ஆனால் உண்மையான கரண்டியைத் தொட்டுப் பாருங்கள். பிடி அவ்வளவு சுடாது. ஏன்? கரண்டியின் நீளம் முழுவதும் சூடு காற்றில் கலந்து போய்க்கொண்டே இருக்கிறது. நம் விதியில் அதைச் சேர்க்கவே இல்லை! இரண்டாம் கேள்விக்கு விடை: இல்லை.

கணினி அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்குமா? சொல்லாது. கரண்டியைப் பிடித்துப் பழகிய மனிதர்தான் "இது இடிக்கிறதே" என்பார்.

மாணவர்கள் கற்றுக்கொள்ளும் பழக்கங்கள் சில:

- துண்டுகளை இன்னும் சிறியதாக்கி மறுபடி கணக்குப் போட வேண்டும். விடை பெரிதாக மாறினால் பழைய விடையை நம்பக்கூடாது. ஸ்லெய்ப்னரின் அந்த மூலையில் இதைச் செய்திருந்தால் பிழை தெரிந்திருக்கும்.
- விடை ஏற்கெனவே தெரிந்த ஓர் எளிய கணக்கை முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதிலேயே தவறினால் பெரிய கணக்கில் எப்படிச் சரியாக வரும்?
- கணினியைத் தொடுவதற்குமுன் தாளில் தோராயமாக ஓர் எண்ணைப் போட வேண்டும். கணினி அதைப்போல் 10 மடங்கு சொன்னால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.
- முடிந்தால் நிஜத்தோடு ஒப்பிட வேண்டும். காற்றுக் கணக்கு என்றால் காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரியை வைத்துச் சோதிக்கலாம். கட்டி முடித்த இடத்தில் கருவி வைத்து அளக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. விடை உறுதியில்லாதபோது அதை மறைக்காமல் சொல்வது.

சிங்கப்பூரின் பருவநிலை ஆய்வு நிலையம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கணிப்பை எடுத்துக்கொள்வோம். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரிவரை கூடலாம் என்றது அது. கடல்மட்டம் 2100க்குள் அதிகபட்சம் 1.15 மீட்டர் உயரலாம் என்றும் சொன்னது.

"0.6க்கும் 5க்கும் எவ்வளவு வித்தியாசம்! இதெல்லாம் ஒரு கணிப்பா?" என்று தோன்றலாம். ஆனால் உலகம் இனி எவ்வளவு கரியமிலவாயுவை வெளியேற்றப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒரே ஓர் எண்ணைச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். கடலோரத்தில் எவ்வளவு உயரத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டுவது என்று முடிவெடுப்பவருக்கு அந்த வரம்புதான் தேவை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இது தேவையா?

நியாயமான கேள்வி.

கூகல் டீப்மைண்ட் 2023இல் கிராஃப்காஸ்ட் என்ற வானிலைக் கருவியை அறிமுகப்படுத்தியது. 10 நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் அது கணித்துவிடும். வழக்கமான முறையில் அதற்குச் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும்.

ஆனால் அது எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? ஏறக்குறைய 40 ஆண்டு வானிலைத் தகவல்களைப் பார்த்து. அந்தத் தகவல்களே, நேரில் அளந்த எண்களையும் இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்த்துப் பெற்ற எண்களையும் சேர்த்துத் தொகுத்தவை. பழைய கணக்கு இல்லாமல் புதிய கருவி பிறந்திருக்காது.

இன்னொரு விஷயம். இதுவரை யாரும் கட்டாத வடிவத்தில் ஒரு கட்டடம் வருகிறது. அதைப்போல் ஒன்றை அந்தக் கருவி பார்த்ததே இல்லை. அப்போது அது சொல்லும் விடை சரியா தப்பா என்று யார் பார்ப்பது? அதே இரண்டு கேள்விகள் தெரிந்த ஒருவர்தான்.

விடை வேகமாக வர வர, சரிபார்ப்பவரின் தேவை குறையாது. கூடும்.

நான் இதைப் படிக்கலாமா?

தாராளமாக. சில குறிப்புகள்:

- தனிப்பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் இயந்திரப் பொறியியல், கட்டுமானப் பொறியியல், விமானப் பொறியியல் போன்ற துறைகளுக்குள்ளேயே இது கற்பிக்கப்படுகிறது. வெளிநாட்டில் தனிப்பட்டமாகத் தருபவையும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் கணிப்புப் பொறியியலில் இளநிலைப் பட்டம் வழங்குகிறது.
- கணிதத்தை விட்டுவிடாதீர்கள். தொடக்கக்கல்லூரியில் எச்2 ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் எடுப்பவர்கள் எண்முறைகளை அங்கேயே சந்திப்பீர்கள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் நன்றாகப் பிடிபட்டால் மற்றதைப் பல்கலைக்கழகத்தில் பிடித்துவிடலாம்.
- ஒரு நிரல்மொழியாவது கைவசம் இருக்கட்டும். பைத்தான் நல்ல தொடக்கம். கரண்டிக் கணக்கை அதில் எழுத 10 வரி போதும். இந்த வார இறுதியில் முயன்று பாருங்கள். பிறகு காற்றில் போகும் சூட்டையும் சேர்த்து எழுத முடிகிறதா என்று பாருங்கள்.
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டறையில் நிஜ இயந்திரத்தோடு பழகிய கை உங்களுடையது. "இந்த எண் இடிக்கிறதே" என்று சொல்லும் உள்ளுணர்வு அங்கிருந்துதான் வரும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

கடைசியாக...

அடுத்த முறை ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் ஜில்லென்று காற்று பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

புதிய பேட்டை என்றால் அந்தக் காற்று ஏற்கெனவே ஒருமுறை வீசியிருக்கலாம், யாரோ ஒருவரின் கணினித் திரையில். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் "சூப்பர்!" என்று சொல்லி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டாரா? அல்லது "உண்மையிலேயே இப்படித்தான் வீசுமா?" என்று கேட்டு, துண்டுகளைச் சிறியதாக்கி, இன்னொரு தடவை கணக்குப் போட்டாரா?

இரண்டாமவராக இருந்தால், காற்று நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்து சேரும்.